பாதி வடத்தில் ஒரு கணக்கு

கப்பலைக் கரையோடு கட்டியிருந்த வடத்தில் பாதி தூரம் ஏறியதும் பெண் கட்டெறும்பு நின்றுவிட்டது.

"இங்க நமக்கு நாள் கூலி ஆறு அரிசி. கப்பல் போற ஊர்ல ஒரு முழு முந்திரி. நாற்பது அரிசிக்குச் சமம்," என்றது கணவன் எறும்பு, மூன்றாவது தடவையாக.

"தங்குற வளைக்கு வாடகை?"

"ஒரு நாளைக்குக் கால் முந்திரி."

"சாப்பாட்டுக்கு?"

"அரை முந்திரி."

"அரைன்னா இருபது அரிசி. இங்க மூணு அரிசியில ரெண்டு பேரும் சாப்பிடுறோம்."

கூலியை மட்டும்தான் கணவன் எறும்பு இதுவரை அரிசியாக மாற்றிப் பார்த்திருந்தது.

கரையில் ஒருவன் வடத்தின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான். வடம் அதிர்ந்தது.

"உங்களுக்கும் பாதி வயசு போயாச்சு. கால் சுளுக்கிப் படுத்துட்டா?"

"வைத்தியத்துக்குன்னு தினமும் கால் முந்திரி பிடிச்சுக்குவாங்க."

"அப்போ மிச்சம்?"

இரண்டும் திரும்பிக் கரையைப் பார்த்தன. இறங்கிவிட இன்னும் நேரம் இருந்தது. ஆனால் வழியனுப்ப வந்த சொந்தமெல்லாம் அங்கே வரிசைகட்டி நின்றது. இவை விற்ற வளையை வாங்கிய மனைவியின் தம்பி, எல்லோருக்கும் முன்னால் நின்று குரல் கொடுத்தது.

"மச்சான், மாசம் ஒரு முந்திரி அனுப்புங்க, போதும்."

கணவன் எறும்பு மனைவியைப் பார்க்காமல் மேலே ஒரு அடி எடுத்து வைத்தது.

"ரெண்டா அனுப்புறேன் மச்சான்," என்றது.