குடித்த ரத்தம்

மில் கேண்டீன் கதவு தினமும் அம்மாவின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் குடித்துவிட்டுத்தான் திறக்கும். அறுபதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் அந்த மரியாதை. திங்கட்கிழமை கதவு ரத்தத்தைக் குடித்தது, திறக்கவில்லை. “இதயக் குழாயில் அடைப்பு தொடங்குகிறது” என்று இனிமையாகச் சொன்னது.

மேனேஜரும் இனிமையாகத்தான் பேசினார். “சாம்பார் அண்டா முன்னால மயங்கி விழுந்தீங்கன்னா யாரும்மா பதில் சொல்றது? இனிமே வேலைக்கு வர வேண்டாம்.”

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கதவு சொன்ன அதே முடிவைப் பார்த்துச் சிரித்தார். “ஆரம்பம்தானே! இதை நாங்க நோயாவே எடுத்துக்கிறதில்ல. நெஞ்சு வலிச்சா வாங்க, மருந்து தர்றோம்.”

“வேலைக்குன்னா நோயாளி, மருந்துக்குன்னா நல்லா இருக்கேனா?”

அம்மா மேனேஜருக்கு போன் போட்டு டாக்டர் கையில் கொடுத்தாள். இருவரும் பேசினார்கள், சிரித்தார்கள், அவரவர் விதிப்படி இருவருமே சரி என்று முடிவு செய்தார்கள்.

அம்மா மேசைமேல் கையை நீட்டினாள்.

“அப்போ என் ரத்தம்தான் பொய் சொல்லியிருக்கு. இத்தனை நாள் அந்தக் கதவு குடிச்சதை மொத்தமா திருப்பிக் குடுங்கய்யா. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

டாக்டர் மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார். வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கிழவர் உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையையும் மேசைமேல் நீட்டினார்.