எதிர்வீட்டுச் சேறு

"எங்க வீட்டுக்கு ஒரு சட்டம், எதிர்வீட்டுக்கு ஒரு சட்டமா சார்?"

"ஆமாக்கா. ரெண்டும் வேற வேறதான்" என்றான் பைரோஸ். மலேசியாவின் குளுவாங் நகராண்மைக் கழகத்தில் வடிகால் பிரிவு முகப்பில் உட்காருபவன்.

செல்வராணி இப்படியொரு பதிலை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த கடிதத்தை மேசைமேல் போட்டாள். வாசலில் ஓடும் மழைநீர்க் கால்வாயைக் கான்கிரீட் சிலாப் போட்டு மூடியதற்காக வந்த கடிதம். பதினான்கு நாளில் உடைத்தெடுக்க வேண்டுமாம். அந்தச் சிலாப்மேல்தான் அவளுடைய புதுக் கார் நிற்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் ஆறு மாதம் ஓவர்டைம் செய்து போட்ட சிலாப்.

எதிர்வீட்டு ஷாமளாவோ பழைய வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி எழுப்பிக்கொண்டிருக்கிறாள். இருவருமே ஒரே ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள். ஒரே பள்ளி, ஒரே மாதிரி கிழிந்த காலணி. இன்று அவளுக்கு மட்டும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் புருஷன், மேல்மாடி, பால்கனி. மழை பெய்தால் அவள் வீட்டு மண் அத்தனையும் கரைந்து கால்வாயில் ஓடுகிறது. அவளுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. நினைக்க நினைக்கச் செல்வராணிக்கு வயிறு எரிந்தது. சிலாப்பைப் பற்றிப் புகார் எழுதிப் போட்டதும் அவளாகத்தான் இருக்கும். இந்தக் காரைப் பார்த்தால் வேறு யாருக்குக் கண் உறுத்தப்போகிறது?

பைரோஸ் பொறுமையாக விளக்கினான். வீட்டுக்காரர்கள் கால்வாயை மூடக் கூடாது, கூரைத் தண்ணீரை அடுத்த வீட்டுப் பக்கம் விடக் கூடாது. வீடுகளுக்கான விதிகள் மொத்தமே ஒரு தாள் பக்கம்தான். கட்டுமானம் என்றால் நான்கு பக்க விதிகள். சேறு படிவதற்குக் குழி வெட்ட வேண்டும், மண்மேட்டைத் தார்ப்பாயால் மூட வேண்டும், லாரிச் சக்கரத்தைக் கழுவித்தான் சாலைக்கு விட வேண்டும்.

சட்டத்தில்கூட ஷாமளாவுக்குத்தான் பெரிசு. முதலில் அதுவே செல்வராணிக்குப் பொறுக்கவில்லை. பிறகுதான் உறைத்தது. நான்கு பக்கம் என்றால், மாட்டிவிடவும் நான்கு பக்கம் இருக்கிறது.

"அவ வீட்டுல குழியும் இல்ல, தார்ப்பாயும் இல்ல தம்பி. எழுதிக்குங்க. என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாதுலா."

"வராதுக்கா. உங்க வீட்டப் பத்தி எழுதினது யாருன்னு உங்ககிட்ட சொன்னோமா?"

"நீங்க சொல்ல வேணாம். எனக்கே தெரியும்."

வியாழக்கிழமை நகராண்மைக் கழக ஆட்கள் வந்து எதிர்வீட்டுத் தகர வேலியில் வேலை நிறுத்த ஆணையை ஒட்டிவிட்டுப் போனார்கள். செல்வராணி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று ஆசை தீரப் பார்த்தாள். வேலையாட்கள் சாமான்களை வேனில் ஏற்றினார்கள். ஷாமளா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அடுத்த மாதம் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகைகூட அடித்துவிட்டாளாம். நல்லா வேணும்.

சாயங்காலம் புருஷன் காளியப்பன் வந்தான். கால்வாய் சுத்தம் செய்யும் குத்தகைக்காரரிடம் பதினெட்டு வருஷமாகக் கூலி வேலை. முழங்கால்வரை கறுப்புச் சேறு. வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் நகராண்மைக் கழகத்துக்குப் போனதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

"என்னப் பத்தி எழுதினாள்ல? இப்ப அவளும் அனுபவிக்கட்டும்."

காளியப்பன் குழாயை மூடினான்.

"அந்தப் பொண்ணு எழுதல."

"பின்ன யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

"இந்தத் தாமான்ல வீட்டு வாசலெல்லாம் ஓடுற லோங்காங்க எங்க கேங்குதான் அள்ளுது. மழை பேஞ்சா நம்ம சிலாப்புக்குக் கீழ குப்பை அடைச்சுக்குது. குப்புறப் படுத்து உள்ள நுழைஞ்சு கையாலதான் எடுக்கணும். போன மாசம் பாதி உடம்பு மாட்டிக்கிச்சு, ரெண்டு பேரு காலப் புடிச்சு இழுத்தாங்க."

ஈரக் கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மனு போட்டது நான்தான், ராணி. உன்கிட்ட சொல்றதவிட ஆபீஸ்ல சொல்றது சுலபமா இருந்துச்சு."