எவர்களுள்

தலைவர் இருளப்பன் மேசைக்குப் பின்னால். லூர்தம்மாள் மின்விசிறிக்கு நேர் கீழே. காசிராஜன் வாசலை ஒட்டி. மற்ற மூவர் நீள பெஞ்சில். வழக்கம்போல் இதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி முடித்த செயலாளர் பால்வண்ணன் தன்னையும் சேர்த்துக்கொண்டார். ஏழு பேர். பாடை தூக்கத் தோள் கொடுக்கும் அந்தச் சங்கத்தில் கூட்டம் நடத்தக் குறைந்தது ஏழு பேர் வேண்டும்; அதுதான் 'கோரம்'.

மூன்று கூட்டங்களுக்கு வராத அந்தோணிமுத்துவை நீக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் காசிராஜன். நீக்கிவிட்டால், தனிக்கட்டையான அந்த மனுஷர் செத்தால் தூக்க நாதியில்லை.

"கோரம் இருக்குல்லா, எழுதும்வே," என்றார் தலைவர்.

"இருக்கான்னுதான் யோசிக்கேன்."

"ஏழு தலைய எண்ணத் தெரியலியாக்கும்?" என்று லூர்தம்மாள் சிரித்தாள்.

பால்வண்ணன் அகராதியில் பார்த்ததைச் சொன்னார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'எவர்களுள்' என்று பொருளாம். பழைய ஆணைகளில் சிலரைப் பெயர் சொல்லி, இவர்களுள் ஒருவராவது இருந்தாகவேண்டும் என்று எழுதுவார்களாம். தலை எண்ணுவதெல்லாம் பின்னால் வந்த வழக்கம்.

"அப்ப இன்னைக்கு யாரு இருக்கணுங்கீரு?" என்றார் தலைவர்.

"யாரத் தூக்கமாட்டோம்னு எழுதப்போறோமோ, அவரு."

பால்வண்ணன் 'கோரம் இல்லை' என்று எழுதிவிட்டு, ஒரு இன்லேண்ட் தாளை எடுத்தார். 'உங்களைப் பற்றிய பேச்சு. நீங்கள் இல்லாமல் நடத்த மனமில்லை. ஞாயிறு வரவும்.' மடித்து, ஓரங்களில் பசை தடவி ஒட்டினார்.

"கொண்டாரும், பெட்டியில போட்டுட்டுப் போறேன்," என்று காசிராஜன் கை நீட்டினார்.

பால்வண்ணன் வாசலில் நின்று பார்த்தார். தபால்பெட்டியருகே காசிராஜனின் சைக்கிள் நின்றது. பிறகு, கடிதம் சட்டைப்பையில் இருக்க, அந்தோணிமுத்துவின் தெருப்பக்கம் திரும்பியது.