நாலு குறையுது

"எண்ணிப் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்" என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டு, நார்பர்ட் செத்த மாடுகள் கிடந்த பள்ளத்தில் இறங்கிப் போய் இரண்டு மணி நேரமாகிவிட்டது.

ஆர்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து. நாலரைக்கு மாவட்ட விவசாய ஆபீஸை மூடிவிடுவார்கள். பனிப்புயலில் செத்த மாடுகளுக்கு அரசாங்கப் பணம் கேட்க இன்றுதான் கடைசி நாள்.

"செத்த மாட்டை எண்ண இவ்வளவு நேரமா? வேணும்னே இழுக்கிறான் கிழவன்!" அவள் புருஷன் கென்டன் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "தண்ணித் தொட்டிச் சண்டையை ஒன்பது வருஷமா மனசுல வெச்சிருக்கான்."

"கத்தாதே கென்டன். அவர் கையெழுத்து இல்லேன்னா நாம அவ்வளவுதான்."

விண்ணப்பத்துக்குச் சாட்சி வேண்டும். சொந்தக்காரர்கள் சாட்சி செல்லாது. டகோட்டாவின் அந்த மூலையில் யாரைத் தொட்டாலும் மாமன் மச்சான். மிஞ்சியது பக்கத்துப் பண்ணை நார்பர்ட் மட்டும்தான். பணம் வராவிட்டால் பேங்க்காரன் மிச்ச மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். மூன்று வாரமாக ஆர்லிஸுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

கதவு திறந்தது. நார்பர்ட் சேற்று பூட்ஸோடு வந்து நின்றார்.

"உட்காருங்க, காபி தரேன்."

"வேண்டாம்மா. பேனா குடு."

"உங்க பக்கம் சேதம் உண்டா?"

"சிலதைக் காணோம். நடுவேலியே பனியில புதைஞ்சு கிடந்துச்சே. காத்து தள்ளின பக்கம் போயிருக்கும்."

விண்ணப்பத்தில் கென்டன் எழுதியிருந்த 41ஐ அடித்துவிட்டு, 37 என்று எழுதினார்.

ஆர்லிஸ் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, நாலு குறையுது!"

"உங்க பண்ணை எண் போட்ட பச்சை வில்லை மாட்டின காது முப்பத்தேழுதான் இருக்கு."

கென்டன் வாயெடுத்தான். மூடிக்கொண்டான்.

"மத்த நாலு காதையும் நரி தின்னிருக்கும். கொஞ்சம் மனசு வையுங்க. நாலு மாடுன்னா எங்களுக்கு பேங்க்ல ரெண்டு தவணை!" என்றாள் ஆர்லிஸ்.

"முப்பத்தேழுக்குத்தான் போடுவேன்." போட்டார். "கிளம்பு கென்டன், ஆபீஸ் மூடிடும்."

கென்டன் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியேறினான்.

"நல்லா இருங்க," என்றாள் ஆர்லிஸ். அவர் கையிலிருந்த பேனாவை வெடுக்கென்று வாங்கினாள். "ஒன்பது வருஷப் பகையை இன்னிக்குத் தீர்த்துக்கிட்டீங்க."

வண்டிச் சத்தம் தேயும்வரை நார்பர்ட் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். நாலு மஞ்சள் வில்லைகள். நாலிலும் அவருடைய பண்ணை எண். கத்தியால் அறுத்த காதுத் துண்டு ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்தது.

"பள்ளத்துல ஒரு கல்லுக்கு அடியில இருந்துச்சு."

கென்டன் எழுதிய நாற்பத்தொன்று எப்படி வந்தது என்று ஆர்லிஸுக்குப் புரிந்தது. அவமானத்தில் தலை நிமிரவில்லை.

"உங்க மாடுங்க... இதைக் காட்டினா ஆபீஸ்ல உங்களுக்குப் பணம் தருவாங்களே?"

நார்பர்ட் விறகடுப்பின் மூடியைத் திறந்து, வில்லைகளை அவள் பக்கம் தள்ளினார்.

"தருவாங்க. எங்கே கிடைச்சதுன்னு கேப்பாங்களேம்மா!"