கட்டிக்கு ஒரு பெயர்

இருட்டறையில் பச்சைத் திரை மட்டும் ஒளிர்ந்தது.

டாக்டர் பெனிட்டா குமிழைத் திருகினாள். எலக்ட்ரான் நுண்ணோக்கி அடுத்த செல்லுக்கு நகர்ந்தது.

இதிலும் ஒன்றுமில்லை.

ஐந்து வயதுச் சிறுமியின் கன்னக் கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதை. சாதாரண நுண்ணோக்கியில் எல்லாமே சின்னச் சின்ன நீல உருண்டைகள். மூன்று நான்கு புற்றுநோய்களுக்கு இதே முகம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து. சாயச் சோதனைகளும் கைவிரித்துவிட்டன. எந்த நோய் என்று அவள் சொன்னால்தான் மருந்து ஏற்ற முடியும்.

பிள்ளையின் ஒரு கண் அதற்குள் பாதி மூடிவிட்டது.

நகர்த்தினாள். வெறும் செல்.

நகர்த்தினாள்.

கை நின்றது.

செல்லின் ஓரத்தில் இழைகள். தடித்த இழை, அதை ஒட்டி ஒல்லியான இழை. குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. மறுபடி இழைகள். மறுபடி கோடு.

தசை.

கட்டுக்கடங்காமல் பெருகிக்கொண்டிருந்த அந்தச் செல், ஒரு மூலையில் தசையாகிவிடப் பார்த்திருக்கிறது. அரைகுறையாகத்தான். ஆனால் வரிசை பிசகவில்லை.

எத்தனையோ கட்டிகளைப் பார்த்தவள். மூச்சு விட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, பிள்ளைக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டரைப் போனில் அழைத்தாள்.

"பேரு கிடைச்சிருச்சு சார். தசைப் புற்றுதான். மருந்தை ஆரம்பிச்சிரலாம்."

கதவைத் திறந்ததும் வராந்தாவில் பிள்ளையின் அம்மா எழுந்து நின்றாள். வேலம்மாள். சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறவள்.

"என்னன்னு தெரிஞ்சிட்டாம்மா?"

"தெரிஞ்சிட்டு. இதுக்கு மருந்து இருக்கு. இன்னைக்கே ஏத்த ஆரம்பிச்சிருவாங்க."

வேலம்மாள் அழவில்லை.

"அத நான் ஒரு தடவ பாக்கலாமா?"

பெனிட்டா தயங்கினாள். யாரும் இப்படிக் கேட்டதில்லை.

உள்ளே கூட்டிப்போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். இழைகளை விரலால் காட்டினாள்.

வேலம்மாள் திரையருகே குனிந்தாள். பச்சை வெளிச்சம் அவள் முகமெல்லாம் படர்ந்தது. வெகுநேரம் அசையவில்லை.

"தறியில பாவு நூல விரிச்ச மாதிரில்லா இருக்கு. என்ன அழகு…"

சொன்ன வாயைச் சட்டென்று பொத்திக்கொண்டாள். கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.



விளக்கைப் போட நீட்டிய கையைப் பெனிட்டா இழுத்துக்கொண்டாள்.