இருபது கண்ணி

சுவரில் கேட்டுக்காக விட்ட இடைவெளி வழியாக நூறு கண்ணி கோத்த சர்வே சங்கிலி சரசரவென்று ஓடி நிற்கிறது. சங்கிலி பிடிக்கும் மதுரைவீரன் சுவருக்கு அந்தப் பக்கம், கிணற்றை ஒட்டிய பழைய எல்லைக்கல்லில் நின்று குரல் கொடுக்கிறான். “முந்நூத்தி நாப்பது கண்ணி சார்.” சர்வேயர் சகாயநாதனின் கையிலுள்ள வரைபடம் நாராயணம்மா நிலத்தின் நீளம் முந்நூற்று இருபதுதான் என்கிறது. அதை நம்பித்தான் பக்கத்து நிலத்துக் கம்பெனி சுவர் எழுப்பியிருக்கிறது. இருபது கண்ணி நிலத்தோடு அவளுடைய கிணறும் கம்பெனி பக்கம் போய்விட்டது. ஓசூர் வெயில் புதுப் பூச்சில் பட்டுக் கண் கூசுகிறது. “இன்னொருக்கா பிடிப்பா,” என்கிறார். மறுபடியும் அதே முந்நூற்று நாற்பது. வரைபடத்தின் மூலையில் அளந்தவரின் கையெழுத்து இருக்கிறது, ஏழு வருடத்துக்கு முந்தைய அவருடைய கையெழுத்து. அன்றைக்கு இங்கே ராகி கதிர் முற்றி நின்றது. குறுக்கே சங்கிலி இழுக்க மனம் வராமல், வரப்போடு சுற்றிப் போய்க் கணக்குப் போட்டு எழுதினார். நாராயணம்மா இடுப்புக் குடத்தை இறக்கி, ஒரு சொம்பு தண்ணீரை அவரிடம் நீட்டுகிறாள். அரை மைல் தள்ளி, பஞ்சாயத்துக் குழாயில் பிடித்த தண்ணீர். “இந்த சார்தாம்பா அன்னிக்கு எங்க ராகியில கால் வெக்காம அளந்தவரு,” என்று திரும்பி வரும் மதுரைவீரனிடம் சொல்கிறாள். “இவரு எழுதினது தப்பா இருக்காது. கம்பெனிக்காரங்கதான் தள்ளிக் கட்டிட்டாங்க.” அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சகாயநாதனின் கட்டைவிரல் அந்தக் கையெழுத்தை மூடிக்கொண்டிருக்கிறது.