செபம் சொன்னால்தான் உடுப்பு

“மூப்பர் எண்டாலும் சரி, ஆயர் எண்டாலும் சரி, செபம் சொல்லாமல் உடுப்புத் தரமாட்டன்!”

தையல் மெசினை விட்டு எழும்பாமலே சொன்னாள் ஜசிந்தா. எதிரே நின்றவர் இன்னாசித்தம்பி. அவளுடைய சொந்தத் தாய்மாமன், கோயில் மூப்பரும்கூட. மருமகளின் கடையில் தனக்கே பரீட்சையா என்று அவருக்கு மீசை துடித்தது.

“இது உடுப்புக் கடையோ, மறைக்கல்வி வகுப்போ?”

“ரெண்டும்தான் மாமா.”

ஊர்காவற்றுறையில் ‘ஜசிந்தா உடுப்பு’ என்றால் தனி மதிப்பு. அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன் வைத்த பிள்ளைகள் திருநாளன்று போடுகிற மண்ணிற அங்கி அது. இடுப்புக் கயிற்றை கிழிந்த வலை பொத்துகிற வெள்ளை நூலில் அவளே திரிப்பாள். கயிற்றில் மூன்று முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு செபம். கழுத்துப் பட்டியின் உள்ளே லீலிப்பூப் போட்ட லேபல். அதன் கீழே பிள்ளையின் பெயரைத் தன் கையாலேயே தைத்துக் கொடுப்பாள்.

போன வருடம் ஒருவர் வந்து நாலு அங்கி வாங்கிப் போனார். ஒரே வீட்டில் நாலு நேர்த்தியா என்று இவளும் உருகிப்போய் விலையைக் குறைத்துக் கொடுத்தாள். பிறகு பார்த்தால், வாசிகசாலைச் சிறுவர் நாடகத்தில் நாலு கள்ளச் சாமியார்கள் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் கோழி திருடுகிறார்கள்! சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகுமா? செபம் தெரிந்த நல்ல கத்தோலிக்கருக்குத்தான் இனி உடுப்பு என்று அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்.

நாளைக்குத் திருநாள். நாலு வயதுப் பிள்ளைக்கு அளவான அங்கி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கேட்டு நிற்பவர்களோ இரண்டு பேர்.

“மாமா, பேரன் றெக்ஷனுக்கு என்ன நேத்தி?”

“நேத்தி ஒண்டுமில்லைப் பிள்ளை. கனடாவில இருக்கிற தேப்பன் பிள்ளையின்ர படம் கேக்கிறான். அங்கியோட எடுத்தால் வடிவாயிருக்கும் எண்டு பாத்தன்.”

மற்றவர் வாசலைத் தாண்டாமல் நின்றார். புங்குடுதீவிலிருந்து வெயிலில் சைக்கிள் உழக்கி வந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்ர பொடியனுக்கு நெருப்புக் காய்ச்சல் தங்கச்சி. பத்து நாள் கண் திறக்கேல்லை. மனிசி அந்தோனியாருக்கு நேத்தி வைச்சவள். பதினோராம் நாள் தானா எழும்பிக் கஞ்சி கேட்டவன். நாளைக்கு அவன் இந்த உடுப்போட சுற்றுப்பிரகாரத்தில நடக்காட்டில், மனிசி பயத்திலயே படுத்த படுக்கையாகிடுவாள்.”

ஜசிந்தாவுக்கு மனம் இளகித்தான் போயிற்று. உடனே தூக்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் இன்றைக்கு ஒருவருக்கு வளைந்தால் நாளைக்கு ஊருக்கே வளைய வேண்டும்.

“ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வி. பிழையில்லாமல் சொல்லுறவருக்கு உடுப்பு. மாமா, நீங்கள் மூத்தவர், முதல் சொல்லுங்கோ. செபமாலையில வாற துக்க தேவ இரகசியம் அஞ்சும் என்ன?”

இன்னாசித்தம்பி தொண்டையைச் செருமினார். “முதலாவது பூங்காவனம். ரெண்டாவது... சிலுவை சுமந்தது.”

“அதுக்குள்ள சிலுவைக்குப் போயிட்டியளோ? கற்றூணில கட்டி அடிச்சது எங்க? முள்முடி எங்க?”

“நான் பூசை நேரம் ஆக்களை ஒழுங்குபடுத்தித் திரியிறனான். செபம் அரைகுறையாத்தான் காதில விழும்.”

“ஊருக்குத்தான் உபதேசம் போல! அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ.”

வந்தவர் கண்ணை மூடினார். ஐந்தையும் கடகடவென்று ஒப்புவித்தார். அதோடு விடவில்லை, அந்தோனியார் மன்றாட்டு மாலையையும் பிடித்துக்கொண்டார். ராகம்கூடத் தப்பவில்லை. நடுவில் ஓரிடத்தில் பூசை வைக்கிற சுவாமியாரின் குரலிலேயே, “பின்னுக்கு நிக்கிற ஆம்பிளையள் உள்ளுக்கு வாங்கோ!” என்று அதட்டினார். பிறகு இரண்டு தரம் இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஜசிந்தாவுக்குப் புல்லரித்தது. சுவாமியாரின் இருமல் வரைக்கும் மனப்பாடம் என்றால், இந்த மனிதர் ஒரு பூசையையாவது தவறவிட்டிருப்பாரா?

“பாத்தியளோ மாமா? இதுதான் விசுவாசம்! மூப்பர் பதவியை இவரிட்டக் குடுத்திட்டு நீங்கள் போய்ப் படம் எடுங்கோ. அண்ணை, அந்தோனியாராணைச் சொல்லுறன், இந்த உடுப்பு உங்களுக்குத்தான். இனி ஆர் வந்து கேட்டாலும் என்ர பேச்சு மாறாது. காசும் வேண்டாம்.”

வந்தவர் கண் கலங்கிக் கும்பிட்டார். இன்னாசித்தம்பி கதிரையில் போய் இருந்தார். ஜசிந்தா சந்தோஷத்தோடு ஊசியில் நூலைக் கோத்துக் கழுத்துப் பட்டியைப் புரட்டினாள்.

“பொடியன்ர பேர்?”

“லவன்.”

“அது வீட்டில கூப்பிடுற பேராக்கும். எனக்கு ஞானஸ்நானப் பேர் வேணும் அண்ணை.”

வந்தவர் முதலில் அங்கியைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கள் செபம்தானே தங்கச்சி கேட்டனீங்கள், சமயம் கேக்கேல்லையே? நான் பிள்ளையார் கோயிலுக்குப் பூமாலை கட்டுற அப்புத்துரை. எங்கட ஊர் வேதக்கோயில் பூசை லவுட்ஸ்பீக்கரை என்ர வீட்டு வேம்பிலயெல்லோ கட்டியிருக்கினம்!”